காலியாக வைத்த தட்டு: போலந்து வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு விருந்தாளியாகச் செல்பவர்களுக்கு

போலந்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ சென்றிருக்கும் தமிழர்களுக்கு டிசம்பர் மாதத்தின் கடைசிப் பத்து நாட்கள் எளிதானவை அல்ல. மாணவர் விடுதி ஒவ்வோர் அறையாகக் காலியாகிறது, பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருள் கவிந்துவிடுகிறது, டிசம்பர் 24 அன்று கடைகளும் அடைத்துக் கிடக்கின்றன. அந்த வாரத்தில் உடன் படிப்பவரோ உடன் வேலை செய்பவரோ பண்டிகைக்குத் தம் வீட்டுக்கு வரும்படி அழைத்தால், போகலாமா, என்ன கொண்டு போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று மனம் தடுமாறும். கிராக்கோவில் படித்த காலத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், ஜெஷூஃப் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கும் என் வகுப்புத் தோழியின் வீட்டில் இந்தப் பண்டிகையைக் கழித்தேன். முதல் ஆண்டு தெரியாமல் செய்தவற்றையும் இரண்டாம் ஆண்டு தெரிந்து செய்தவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அழைப்பின் எடையைப் புரிந்துகொள்ள வேண்டும். போலந்து மக்களுக்குக் கிறிஸ்துமஸில் பெரிய பொழுது டிசம்பர் 25 அல்ல, 24ஆம் தேதி மாலைதான். அதை விகீலியா என்பார்கள். விழித்துக் காத்திருத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆளுக்கோர் ஊரில் இருப்பவர்களும் எப்பாடுபட்டாவது அன்று மாலைக்குள் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். 2025 முதல் அந்த நாள் சட்டப்படி பொது விடுமுறையும் ஆகிவிட்டது. அன்றைய மேசையில், உட்காரப்போகிறவர்களின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராமல் கதவைத் தட்டும் வழிப்போக்கருக்காக என்பது ஒரு விளக்கம். மேசைக்கு வர முடியாதவர்களின், இறந்துபோனவர்களின் நினைவாக என்பது இன்னொரு விளக்கம். விருந்தாளி வீட்டுக்குள் வந்தால் கடவுளே வீட்டுக்குள் வந்தது போல என்னும் பழமொழியும் அவர்களிடம் உண்டு.

இந்தத் தட்டைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்ததால், முதல் ஆண்டு நான் நேராகச் சென்று அதன் முன்னால் இருந்த நாற்காலியில் உட்காரப் போனேன். வெளியாள் நான் ஒருத்திதானே என்ற எண்ணம். தோழியின் பாட்டி என் கையைப் பிடித்துத் தம் பக்கத்து நாற்காலிக்கு அழைத்துச் சென்றார். "அது இன்னும் வராதவருக்கு, நீதான் வந்துவிட்டாயே, உன் தட்டு இங்கே இருக்கிறது" என்று அவர் சொன்னதைத் தோழி மொழிபெயர்த்தாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவில்லை. இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலிதான் அடிப்படை: அழைத்தவர்கள் உங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்த இடத்தில் முழுமையாக உட்கார நீங்களும் சிறிது தயாராக வேண்டும்.

அழைப்பு வந்ததும் தெளிவாகப் பதில் சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று நம் வழக்கப்படி ஒரு முறை மறுத்துவிட்டு, மறுபடியும் வற்புறுத்துவார்கள் என்று காத்திருந்தால், உங்களுக்கு உண்மையாகவே விருப்பமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். குடும்பத்துக்கு மட்டுமே உரிய அந்த மாலைக்கு யாரையும் பேச்சுக்காக அழைக்க மாட்டார்கள். வருகிறேன் என்று சொன்ன கையோடு, எந்த நாள் வந்து எந்த நாள் திரும்புவது, வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் இருக்கிறார்களா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணச்சீட்டை அன்றே வாங்கிவிடுவது நல்லது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் தொலைதூர ரயில்கள் நிரம்பி வழியும். 24ஆம் தேதி மாலைக்கு மேல் பேருந்துகளும் வெகுவாகக் குறைந்துவிடும். முடிந்தால் 23ஆம் தேதியே சென்று சேருங்கள். அவர்கள் வீட்டு வேலையில் பாதி அன்றுதான் நடக்கிறது.

உணவைப் பற்றி முன்கூட்டியே, வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். விகீலியா விருந்தில் இறைச்சி கிடையாது என்பதால் சைவ உணவுக்காரர்கள் நிம்மதி அடையலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது பாதிதான் உண்மை. அங்கே இறைச்சி இல்லாத சாப்பாடு என்றால் மீன் உள்ள சாப்பாடு என்றே பொருள். "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் வறுத்த மீனை அன்போடு உங்கள் தட்டில் வைப்பார்கள். "மீனும் சாப்பிட மாட்டேன், முட்டை சாப்பிடுவேன்" அல்லது "முட்டையும் சாப்பிட மாட்டேன்" என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே பிரித்துச் சொல்லுங்கள். அதனால் அவர்களுக்குப் பெரிய கூடுதல் வேலை ஒன்றும் வந்துவிடாது. அந்த மேசையில் காளானும் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் கசகசாவும் தாராளமாக இருக்கும். கடைசி நேரத்தில் சொன்னால்தான் அவர்கள் தவித்துப்போவார்கள்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எதைக் கொண்டு போகக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். கிராக்கோவில் பூக்கடையில் மஞ்சள் சாமந்திக் கொத்து ஒன்றைப் பார்த்து, ஊர் நினைவு வந்து, அதைத்தான் வாங்குவேன் என்று நின்றேன். தோழி என்னைத் தடுத்தாள். நமக்கு மங்கலமான சாமந்தி அவர்களுக்குக் கல்லறைப் பூ. நவம்பர் 1 அன்று நாடு முழுவதும் கல்லறைகளில் சாமந்தி வைத்துத்தான் இறந்தவர்களை நினைக்கிறார்கள். வேறு பூக்களை வாங்கினாலும் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று எழுதுவதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. மது பாட்டில் வாங்கிச் செல்வதைத் தவிர்க்கலாம். விகீலியா மேசையில் மது வைக்காத குடும்பங்கள் பல உண்டு. நான் விடுதி அடுப்பில் ரவா லட்டு பிடித்து ஒரு டப்பாவில் எடுத்துச் சென்றேன். அன்றைய மேசையில் அதற்கு இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தேன். மறுநாள் காலை காப்பியோடு வைக்கலாம் என்றார்கள், அதுவே சரியாகவும் இருந்தது. குழந்தைகள் இருந்தால் மரத்தடியில் வைக்க ஆளுக்கொரு சிறிய பரிசைத் தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அதை நீங்கள் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள். பரிசைக் கொண்டுவருபவர் யார் என்பது பகுதிக்குப் பகுதி மாறும்: பல இடங்களில் புனித மிகோவாய், கிராக்கோவ் பக்கம் குட்டித் தேவதை, சிலேசியாவில் குழந்தை இயேசு. எது அந்த வீட்டு வழக்கம் என்று தெரிந்துகொள்ளும்வரை குழந்தைகளிடம் வாயைத் திறக்காமல் இருப்பதே மேல்.

வாசலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கதவு திறந்ததும் நிலைப்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று கைகுலுக்கக் கூடாது. அது ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. உள்ளே காலெடுத்து வைத்த பிறகு கையை நீட்டுங்கள். அடுத்து, காலணியைக் கழற்றிவிடுங்கள். விருந்தாளிகளுக்கென்று வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுப்பார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல், ஆணாக இருந்தால் "பான்" என்றும் பெண்ணாக இருந்தால் "பானி" என்றும் அழைப்பதே மரியாதை. அவர்களாகப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் அதன்படி செய்யலாம். வணக்கத்துக்கு "ஜென் தோப்ரி", நன்றிக்கு "ஜென்கூயே", பண்டிகை வாழ்த்துக்கு "வெசோவிஹ் ஷ்வியோந்த்". இந்த மூன்றையும் தட்டுத்தடுமாறியாவது சொல்லிப் பழகுங்கள். உச்சரிப்பு பிசகினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், திருத்திச் சொல்லித்தருவார்கள். பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும்.

24ஆம் தேதி பகலில் அந்த வீடு ஏறக்குறைய விரதத்தில் இருக்கும். காலையில் ரொட்டியோ ஒரு கிண்ணம் சூப்போ கிடைக்கலாம். மதியச் சாப்பாடு என்று தனியாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். பசி தாங்காதவர்கள் கைப்பையில் சிறிது கடலையோ பாதாமோ வைத்துக்கொள்ளலாம். அன்று நீங்கள் இருக்க வேண்டிய இடம் சமையலறை. விருந்தாளி உட்காரட்டும் என்று அவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். நான் பாட்டியோடு உட்கார்ந்து ஊஷ்கா செய்தேன். அது காளான் பூரணம் வைத்த சிறு மாவு உருண்டை. பெயருக்குக் குட்டிக் காது என்று பொருள். மாவை மெல்லியதாகத் தேய்த்து, சிறு சதுரங்களாக வெட்டி, நடுவில் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரத்தை அழுத்தி, இரண்டு முனைகளையும் விரலைச் சுற்றி ஒட்ட வேண்டும். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு அது பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அப்போது போலந்து மொழி ஐம்பது சொல்கூடத் தெரியாது. ஆனாலும் மாவுப் பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் வேலை செய்த பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்களாக இல்லை. பத்துப் பேர் பேசும் கூடத்தில் மொழி புரியாமல் உட்கார்ந்திருப்பவர் களைத்துப்போவார், கையில் வேலை இருப்பவருக்கு அந்தக் களைப்பு வராது.

ஊருக்குப் பேச வேண்டியதைப் பிற்பகல் மூன்று மணிக்குள் பேசி முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் நம் நேரம் அவர்களைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மூன்று என்றால் இங்கே இரவு ஏழரை. வீட்டாரையும் அம்மா அப்பாவையும் காணொளியில் ஒரு முறை அறிமுகம் செய்துவைப்பது இரண்டு பக்கத்துக்கும் ஆறுதல். மேசைக்கு வந்த பிறகு கைபேசியை எடுக்காதீர்கள்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பாடு தொடங்கும். சன்னலோரம் நின்று அதைக் கண்டுபிடிப்பது வீட்டுக் குழந்தைகளின் பொறுப்பு. வானம் மூடியிருந்தால் குத்துமதிப்பாக நான்கு நான்கரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார்கள். வெள்ளை மேசைவிரிப்புக்கு அடியில் ஒரு கைப்பிடி வைக்கோல் பரப்பியிருப்பார்கள். இயேசு பிறந்தது மாட்டுத் தொழுவத்தில் என்பதன் நினைவு அது. பெரும்பாலும் குடும்பத் தலைவர் லூக்கா நற்செய்தியிலிருந்து பிறப்புப் பகுதியை வாசிப்பார். எல்லோரும் எழுந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். வேற்றுச் சமயத்தவர்கள் சிலுவை அடையாளம் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்து வருவதுதான் அந்த மாலையின் நெஞ்சம். ஒப்வாதெக் என்ற மிக மெல்லிய வெள்ளை அப்பத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்டது; அதன் மேல் மாட்டுத் தொழுவக் காட்சி அச்சாகியிருக்கும். கோயிலில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைப் போலவே தோன்றினாலும் இது அதுவல்ல. எந்தச் சமயத்தவரும் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். கையில் கிடைத்ததும் சாப்பிட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சென்று, அவர் கையிலுள்ள அப்பத்தில் ஒரு துண்டு கிள்ளி எடுத்து, தம் அப்பத்தில் ஒரு துண்டு கிள்ளக் கொடுத்து, வரும் ஆண்டுக்கு அவருக்கு என்ன நடக்க வேண்டும் என்று வாழ்த்திய பிறகே அந்தத் துண்டைச் சாப்பிட வேண்டும். நலமாக இருங்கள் என்ற பொது வாழ்த்து போதாது. முட்டி வலிக்கிறவருக்கு வலி குறைய வேண்டும், தேர்வு எழுதுகிறவர் தேற வேண்டும், பிணங்கியிருந்தவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஆளறிந்து வாழ்த்துவார்கள். ஆண்டில் ஏற்பட்ட மனக்கசப்புகள் அங்கே மன்னிக்கப்படுவதும் உண்டு. அதனால் பலர் அழுதுவிடுவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இதற்காக நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து சென்றிருந்தேன். தோழியின் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவர் என் எதிரே வந்து நின்று, என் அப்பத்தில் தடித்த விரல்களால் ஓர் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு, அடுத்த ஆண்டு உன் அம்மா உன்னை நல்லபடியாகப் பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். "அம்மா" என்னும் சொல் எனக்குப் புரிந்தது; மனப்பாடம் செய்தது மறந்துபோனது. தமிழில்தான் பதில் சொன்னேன்: "நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும், தாத்தா." அவர் தலையை அசைத்துக்கொண்டு அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். மொழி வராவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் ஒரு நிமிடம், இவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்துவிட்டுச் சொன்னால் போதும். இரண்டு நாளாக அந்த வீட்டில் வேலை செய்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

பிறகு சாப்பாடு. மரபுப்படி பன்னிரண்டு வகை, இயேசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேர் என்பதால். எல்லாவற்றிலும் ஒரு வாயாவது ருசி பார்க்க வேண்டும் என்பது வழக்கம். ஆகையால் முதல் வகையிலேயே வயிற்றை நிரப்பாதீர்கள். நான் உட்கார்ந்த மேசையில் முதலில் வந்தது பார்ஷ்ச் என்னும் பீட்ரூட் சூப். பீட்ரூட்டை நாட்கணக்கில் தண்ணீரில் புளிக்கவைத்து எடுக்கும் அந்தச் சாறு கருஞ்சிவப்பாக, நம் ரசத்தைப் போலப் புளிப்பும் மிளகுமாக இருக்கும். ஊஷ்காவை அதில் மிதக்கவிடுவார்கள். சில வீடுகளில் காளான் சூப்போ மீன் சூப்போ செய்வார்கள். இலையுதிர் காலத்தில் காட்டில் பொறுக்கிக் காயவைத்த காளானின் மணம் வீடு முழுவதும் இருக்கும். முதலில் மூக்குக்குப் புதிதாக இருந்தாலும் நாவுக்குச் சீக்கிரம் பழகிவிடும். முட்டைக்கோசும் காளானும் அடைத்த, கொழுக்கட்டை போன்ற பியெரோகி, எண்ணெயிலும் வெங்காயத்திலும் ஊறிய ஹெரிங் மீன், கார்ப் என்னும் கெண்டை இன மீனின் வறுவல் ஆகியவை தொடரும். சில பத்தாண்டுகளுக்கு முன்பு கார்ப்பை உயிரோடு வாங்கி வந்து இரண்டு மூன்று நாட்கள் குளியல் தொட்டியில் நீந்தவிட்டிருந்ததைப் பெரியவர்கள் ஆசையோடு சொல்வார்கள். அதற்கு முள் அதிகம், நிதானமாகச் சாப்பிடுங்கள். செதில் ஒன்றைக் கொடுத்தால் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முழுவதும் பணம் தங்குமாம்.

நாட்டின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் குத்யா என்று ஒன்று தருவார்கள். முழுக் கோதுமையை வேகவைத்து, அரைத்த கசகசா, தேன், பருப்புகள், உலர்ந்த திராட்சை சேர்த்துக் குளிரவைத்தது. முதல் கரண்டியில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் நினைவுதான் வந்தது. ஆறிப்போன பொங்கலில் நெய்க்குப் பதிலாகக் கசகசாப் பால் ஊற்றினாற்போல. குடிப்பதற்கு வரும் பழச்சாற்றில் புகைவாசம் அடிக்கும். புகையில் உலர்த்திய பிளம் பழத்தை வேகவைத்த தண்ணீர் அது, கெட்டுப்போனதல்ல. பழைய வழக்கப்படி பரிமாறும் பெண்மணியைத் தவிர வேறு யாரும் பாதியில் எழுந்திருப்பதில்லை. நீங்களும் உட்கார்ந்தே இருங்கள். போதும் என்றால் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லுங்கள். இரண்டு முறை வற்புறுத்துவார்கள், நம் வீடுகளைப் போலத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசுகளைப் பிரிப்பார்கள், கொலெண்டா என்னும் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடுவார்கள். உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கட்டாயம் கேட்பார்கள். பாடத் தெரியாது என்று மறுக்காமல் தாலாட்டோ பள்ளிப் பாட்டோ ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பஸ்டெர்கா என்னும் திருப்பலிக்குப் போவார்கள். களைப்பாக இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் போய்வரும்படியே சொல்வேன். பனியில் ஊரே ஒரே திசையில் நடந்து போவதும், நின்றுகொண்டே நூற்றுக்கணக்கானவர்கள் பாடுவதும் மறக்கக்கூடியவை அல்ல. கோயிலுக்குள்ளும் குளிர் இருக்கும், இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். நற்கருணை வாங்கும் வரிசையில் கத்தோலிக்கர்கள் மட்டுமே சேர வேண்டும். மற்றவர்கள் இடத்திலேயே நிற்கலாம்.

25ஆம் தேதியும் 26ஆம் தேதியும் விடுமுறைதான். உறவினர் வருவதும், காலாற நடப்பதும், சாப்பிடுவதுமாகக் கழியும். 25ஆம் தேதி முதல் மேசைக்கு இறைச்சி வந்துவிடும். முட்டைக்கோசுக் கறி என்று நினைத்து எடுக்கும் பிகோஸில்கூடப் பலவகை இறைச்சி கலந்திருக்கும் என்பதால் சைவர்கள் கேட்டு எடுங்கள்.

நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் பெரியவர்கள் சிலர் ஜாம் சாகிப்பைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு, பெற்றோரை இழந்து, 1942இல் அங்கிருந்து தப்பி வந்த போலந்துக் குழந்தைகள் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு, ஜாம் சாகிப் என்று பட்டம் பெற்ற நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி, குஜராத்தின் ஜாம்நகர் அருகிலுள்ள பாலாசடியில் இடம் கொடுத்துக் காப்பாற்றினார். கோலாப்பூர் அருகே வலிவடேயிலும் சில ஆயிரம் போலந்து மக்கள் முகாமில் வாழ்ந்தார்கள். வார்சாவில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று ஒரு சதுக்கமே இருக்கிறது. நான் போகும் முன் இது எனக்குத் தெரியாது. தாத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதற்காக வெட்கப்பட்டேன். நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள். வீட்டைப் பிரிந்து நம் நாட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அன்று மாலை எனக்கு ஊர் ஏக்கம் குறைந்தது.

அந்த ஏக்கம் வராமல் இருக்காது. எனக்கு அது எல்லோரும் சேர்ந்து பாடும்போதுதான் வந்தது. வந்தால் மறைக்க வேண்டாம், அழைத்தவரிடம் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வரலாம் என்பார்கள். 26 அல்லது 27ஆம் தேதி கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் தங்காதீர்கள். போர்வையை மடித்து, படுத்த இடத்தைச் சரிசெய்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். டப்பா டப்பாவாகச் சாப்பாடு கட்டித் தருவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த டப்பாக்களை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இரண்டாம் ஆண்டு, மூன்று வாரம் கழித்து வந்த பொங்கலன்று தோழியையும் அவள் தம்பியையும் விடுதிக்கு அழைத்தேன். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அவர்கள் கொடுத்த டப்பாவிலேயே சர்க்கரைப் பொங்கல் போயிற்று.

ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றால், டிசம்பர் நடுவில் தபாலைக் கவனியுங்கள். தூரத்தில் இருக்கும் உறவினருக்கு ஒப்வாதெக்கை உறையில் வைத்து அனுப்புவது போலந்து வழக்கம். மதுரைக்கு எனக்கு வந்த உறையில் அப்பத்தின் ஒரு மூலை கிள்ளப்பட்டிருந்தது. பாட்டி தம் பங்கை எடுத்துக்கொண்டு அனுப்பியிருந்தார். உறையைக் கிழிக்காமல் ஓரத்தைக் கத்தியால் கீறித் திறங்கள், அப்பம் எளிதில் நொறுங்கும். நொறுங்கினாலும் தவறில்லை, தூளை வீட்டில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள். 24ஆம் தேதிவரை சமையலறை ஈரம் படாத இடத்தில் வைத்திருந்து, அன்று இரவு எட்டரை மணிக்கு அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அங்கே அப்போது மாலை நான்கு மணி, எல்லோரும் சன்னலோரம் நட்சத்திரத்துக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.